மலையைக் குடைந்த ரயில்: கொங்கணத்துக்கு வளம் வந்ததா?

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர் மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் ரத்தினகிரிக்காரரும் அப்படித்தான். கொங்கணக் கரைக்கு "மணியார்டர் பொருளாதாரம்" என்றே ஒரு பெயர் உண்டு.

அங்கே மழைக்குக் குறைவில்லை. அல்போன்சா மாம்பழத்துக்கும், மீனுக்கும் குறைவில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சகியாத்ரி மலை. நடுவே எங்கும் ஆறுகள். விளைந்த பொருளை வெளியே கொண்டு போவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ரயில் வந்த கதை

1990-ல் கொங்கண் ரயில்வே கழகம் அமைந்தது. இ. ஸ்ரீதரன் அதன் முதல் தலைவர். மத்திய அரசுடன் மராட்டியம், கோவா, கர்நாடகம், கேரளம் ஆகிய 4 மாநிலங்களும் முதல் போட்டன. ரோகாவிலிருந்து மங்களூர் வரை சுமார் 740 கிலோ மீட்டர். வழியில் 90-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள். கர்புடே சுரங்கம் மட்டுமே ஆறரை கிலோ மீட்டர் நீளம்! 1998 ஜனவரியில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

அதற்கு முன் மும்பையிலிருந்து மங்களூருக்கு ரயிலில் போக, தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 2,000 கிலோ மீட்டர் போக வேண்டும். இப்போது அதில் பாதிக்கும் குறைவு.

லாரி ஏறிய ரயில்

1999-ல் இன்னொரு புதுமை நடந்தது. சரக்கு லாரிகளை அப்படியே ரயிலில் ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். டீசல் மிச்சம், டயர் மிச்சம், டிரைவருக்கும் ஓய்வு. அதே லாரி, அதே டிரைவர், மாதத்தில் ஒரு நடை கூடுதலாகப் போனால் அதற்குப் பெயர்தான் உற்பத்தித் திறன். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

மாம்பழம் என்ன ஆயிற்று?

ஆனால் ரயில் வந்தும் மாம்பழம் இன்னும் பெரும்பாலும் லாரியில்தான் வாஷி சந்தைக்கு வருகிறது. காரணம் எளிது. பேர்பெற்ற தேவ்கட் கடற்கரையில் இருக்கிறது. ரயில் பாதையோ உள்ளே தள்ளிப் போகிறது. தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, அங்கே ஏற்றுகூலி, இறங்கும் இடத்தில் இன்னொரு வண்டி. ஒவ்வொரு கை மாறும்போதும் பழம் நசுங்குகிறது, நேரமும் போகிறது. லாரி என்றால் தோட்டத்து வாசலில் ஏற்றிச் சந்தை வாசலில் இறக்கிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. பாதை என்பது இருவழி. உள்ளூர்ச் சரக்கு வெளியே போகிற வழியிலேயே வெளியூர்ச் சரக்கும் உள்ளே வரும். வேலை தேடும் இளைஞனும் அதே ரயிலில்தான் மும்பைக்கு ஏறுகிறான். ஊரில் குளிர்பதனக் கிடங்கும், பழக்கூழ்த் தொழிலும், ஸ்டேஷனுக்கு நல்ல சாலையும் இருந்தால் அந்த ரயில் சரக்கை ஏற்றிச் செல்லும். இல்லையென்றால் ஆளைத்தான் ஏற்றிச் செல்லும்.

நம் ஊருக்குப் புது ரயில் கேட்டு மனுக் கொடுக்கும் அன்பர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரயிலோடு ஒரு கிடங்கையும் சேர்த்துக் கேட்போம். அடுத்த தலைமுறையாவது மணியார்டரை எதிர்பாராமல் ஊரிலேயே பிழைக்கட்டும்.