படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது



செயற்கைக் கால் பட்டறையைப் பார்க்க வருகிற ஆதரவாளர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கைபேசியில் படம் எடுத்தே காலின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிடலாமாமே! விலை உயர்ந்த காமிரா ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?" என்கிறார்கள். அன்போடு கேட்கப்படும் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால், இந்த முறையில் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் காமிராவின் விலையினால் அல்ல. எடுத்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதினால்தான்.

படத்திலிருந்து உருவம் வருவது எப்படி?

பேருந்தில் போகும்போது சாலையோரப் பனைமரம் வேகமாகப் பின்னால் ஓடுகிறது. தூரத்து மலையோ அசைவதாகவே தெரிவதில்லை. நாம் இடம் மாறும்போது அருகிலிருப்பது அதிகமாகவும், தூரத்திலிருப்பது குறைவாகவும் நகர்ந்து காணப்படுகிறது. இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். போட்டோகிராமெட்ரி என்னும் கலையின் அடிப்படை இதுவே.

இது புதிய கலை அல்ல. 1858-ல் ஜெர்மனியிலுள்ள வெட்ஸ்லார் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மேடன்பவுவர் என்ற இளம் கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து விழ இருந்து தப்பினார். சுவரில் ஏறாமல், புகைப்படங்களிலிருந்தே அளவெடுக்க முடியுமா என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. அன்று மனிதர் செய்த கணக்கை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. 1999-ல் கனடாவைச் சேர்ந்த டேவிட் லோ, ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் பெரிதாகவோ சிறிதாகவோ திரும்பியோ தெரிந்தாலும் அதை அடையாளம் காணும் வழியொன்றை வெளியிட்டார். இன்று மெஷ்ரூம், கோல்மேப் போன்ற இலவச மென்பொருள்களும் இவ்வழியிலேயே வேலையைத் தொடங்குகின்றன.

மென்பொருளுக்குக் கால் என்பது தெரியாது. ஒரு மச்சம், ஒரு தழும்பு, ஒரு மைப்புள்ளி என்று தனித்துத் தெரிகிற அடையாளங்களை மட்டுமே அது தேடுகிறது. ஒரே அடையாளம் பல படங்களில் கிடைத்தால், ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கிறது. அடையாளம் கிடைக்காவிட்டால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுகிறது. தவறான அடையாளம் கிடைத்தாலோ உருவமே கோணலாகிவிடுகிறது.

எந்தக் கோளாறுக்கு எது காரணம்?

1. சில படங்கள் மட்டும் சேர்ந்து, மற்றவை ஒதுக்கப்படுதல். இரண்டு படங்களுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதே வழக்கமான காரணம். ஒரு படத்தில் கண்டதில் 60 முதல் 80 சதவீதம் அடுத்த படத்திலும் இருக்கவேண்டும். காலைச் சுற்றிவரும்போது 10 முதல் 15 பாகைக்கு ஒரு படம் எடுத்தால், ஒரு சுற்றுக்கு 24 முதல் 36 படங்கள் ஆகும். உயரத்தை மாற்றி இரண்டு மூன்று சுற்றுகள் வேண்டும். கை நடுங்கி மங்கலான படங்களை நீக்கிவிட்டு, விடுபட்ட பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்துச் சேர்த்தால் போதும்.

2. படங்கள் தெளிவாக இருந்தும் புள்ளிகள் கிடைக்காமை. வழவழப்பான தோலிலும் வெள்ளை மாவுக்கட்டு அச்சிலும் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. காலுக்குப் பனியன் துணி உறை மாட்டி, அதன்மேல் ஒழுங்கில்லாமல் மைப்புள்ளிகள் வைக்கவேண்டும். கட்டம் போட்ட துணி ஆகாது. ஒரு கட்டம் மற்றொன்றைப் போலவே இருப்பதால் மென்பொருள் ஏமாந்துபோகும். எண்ணெய் தடவிய தோலின் மினுமினுப்பும் அப்படியே. நாம் நகர நகர அந்த ஒளியும் நகரும். பிளாஷ் போடாமல், வெளிச்சம் பரவலாக விழும் நிழலான இடத்தில் எடுப்பது நல்லது.

3. எல்லாக் காமிராக்களும் ஒரே இடத்தில் குவிந்து தெரிதல். அச்சைச் சுழல் மேடையில் வைத்துச் சுற்றி, காமிராவை ஒரே இடத்தில் நிறுத்தி எடுக்கும்போது இது நேரிடும். பின்னாலுள்ள சுவரும் காலண்டரும் அசையாததைக் கண்டு, காமிரா நகரவேயில்லை என்று மென்பொருள் முடிவுசெய்கிறது. பின்னால் வெற்றுக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அச்சின் அடியில் பழைய தினசரித் தாளை மேடையோடு சேர்த்து ஒட்டினால், தாளின் எழுத்துகளே நல்ல அடையாளங்களாகிவிடும்.

4. ஒரே தோல் இரண்டு அடுக்காகத் தெரிதல். நடுவில் நோயாளி அசைந்திருக்கிறார், அல்லது சுற்றின் கடைசிப் படம் முதல் படத்தோடு சேரவில்லை என்று பொருள். அமர்ந்திருப்பவரின் தொடைக்கு நல்ல தாங்கல் கொடுத்து, ஆரம்பித்த இடத்தைக் கடந்து மேலும் இரண்டு மூன்று படங்கள் எடுத்துச் சுற்றை மூடவேண்டும்.

5. உருவம் வளைந்து நெளிந்து காணப்படுதல். இக்காலக் கைபேசிகளில் இரண்டு மூன்று லென்ஸ்கள் உண்டு. கிட்டே போனால் கைபேசி தானாகவே வேறு லென்ஸுக்கு மாறிவிடும். ஜூம் செய்தாலும், படத்தின் ஓரத்தை வெட்டினாலும் கணக்குப் பிசகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, லென்ஸைப் பற்றிய விவரமும் போய்விடும். கோப்பாக, அதாவது டாக்குமெண்டாக, அனுப்பினால் அது காக்கப்படும்.

இவற்றை ஆராய வேண்டிய நேரம் எது என்பதும் முக்கியம். நோயாளி ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து மாறி வந்தவராக இருப்பார். அவர் வீடு திரும்பிய பிறகு பாதிப் படங்கள் ஒதுக்கப்பட்டதைக் கண்டால், மறுபடி வரவேண்டியவர் அவரே. ஆகவே, அவர் நாற்காலியில் இருக்கும்போதே குறைந்த தரத்தில் ஒரு தடவை படங்களைப் பொருத்திப் பார்த்துவிடவேண்டும். முழுத் தரத்தில் செய்யவேண்டிய நீண்ட வேலையை இரவில் ஓடவிடலாம்.

எல்லாம் பொருந்தினாலும்

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. படங்கள் அனைத்தும் பொருந்தி, அழகான உருவம் திரையில் வந்துவிட்டாலும் அதன் அளவு சரியென்று சொல்லமுடியாது. வெறும் படங்களிலிருந்து வடிவம் கிடைக்குமேயன்றி, அது குழந்தையின் காலா பெரியவரின் காலா என்பது கிடைக்காது. அளவு குறித்த ஸ்கேல் ஒன்றைக் காலோடு சேர்த்துப் படமெடுத்து, அதைக்கொண்டு உருவத்தின் அளவை நிர்ணயிக்கவேண்டும்.

இதில் 3 சதவீதம் பிசகினால் என்ன ஆகும்? 30 சென்டிமீட்டர் சுற்றளவு 30.9 ஆகும். திரையில் இந்த 9 மில்லிமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் காலைத் தாங்கும் சாக்கெட் தளர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஏறி இறங்கி உராயும். நீரிழிவினால் உணர்ச்சி குறைந்தவருக்கு அந்த வலி தெரியாது. புண் ஆழமாகி உறையில் இரத்தம் பட்ட பிறகே வருவார். ஆகவே, டேப்பினால் மூன்று உயரங்களில் சுற்றளவு எடுத்து எழுதிவைத்து, கம்ப்யூட்டர் காட்டும் அளவோடு ஒப்பிடாமல் எந்தச் சாக்கெட்டும் செய்யலாகாது.

மாவுக்கட்டையும் அடியோடு விட்டுவிட முடியாது. படம், காலின் ஓய்வு நிலையை மட்டுமே காட்டும். பாரம் தாங்கக்கூடிய முழங்கால் சில்லின் கீழ்த் தசைநாரில் சற்று அழுத்தியும், தாங்கமாட்டாத எலும்பு முனையில் இடம் விட்டும் அச்செடுப்பது பயிற்சி பெற்ற கையின் வேலை. அந்தக் கை எடுத்த அச்சையே படமெடுப்பது நல்லதொரு நடுவழி. அச்சு அசையாது, வியர்க்காது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். நோயாளி ஒரு தடவை வந்தால் போதும்.

தாங்கள் கேட்ட கேள்விக்கு

ஆகவே, விலை உயர்ந்த காமிராவுக்கு முன்பாக வேண்டியவை எளிய பொருள்கள்தான்: பரவலான வெளிச்சம் தரும் இரண்டு விளக்குகள், கறுப்புத் துணி, பல அளவுகளில் பனியன் துணி உறைகள், மைப்பேனா, வளையாத உலோக ஸ்கேல், நல்ல டேப். இவற்றோடு நடுத்தரமான ஒரு கைபேசியும், கணக்கைச் சளைக்காமல் செய்யும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் வேலை நடக்கும். இன்னும் ஒரு படி மேலே உதவ நினைப்பவர்கள், பட்டறைத் தொழிலாளி ஒருவர் இவ்வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளும் நாட்களுக்கான சம்பளத்தை ஏற்கலாம். காமிரா சில வருஷங்களில் பழையதாகிவிடும். மங்கலான படத்தைப் பார்த்தவுடனே "இது ஆகாது, ஐயா சற்று அசையாமல் இருங்கள், இன்னொரு தடவை எடுப்போம்" என்று சொல்லத் தெரிந்தவர் பட்டறையில் இருப்பார்.