நிலம் கொடுத்தவர் பெயர் பட்டாவில் இருக்கிறது; கூலிக்கு உழைத்தவர் பெயர் எங்கே?

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பால் பிடித்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் வேலை அது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பயிருக்குக் கணக்குப் போட்டாயிற்று. நிலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அதே வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுப்பு அறுத்தவர்களின் பிழைப்புக்கு என்ன கணக்கு? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதற்குச் சட்டத்திலேயே பதில் உண்டு. 2014 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று நில உடைமையாளரை மட்டும் சொல்லவில்லை. கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தையே முக்கிய வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிரிடுவோர், கைவினைஞர்கள் ஆகியோரையும் சேர்க்கிறது. இவர்களைக் கண்டறியும் வழிதான் 'சமூகத் தாக்க ஆய்வு'. யார் யார் பிழைப்பை இழப்பார்கள், வேறு இடம் கிடைக்குமா என்று ஊருக்குள் சென்று விசாரித்து, மக்கள் கருத்தையும் கேட்டு அறிக்கை தர வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தொழில் திட்டங்களுக்காக மாநில அரசின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தால் இந்த ஆய்வு கட்டாயமில்லை. அதற்கு வழிவகுத்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29-இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு, மறுவாழ்வு தொடர்பான அட்டவணைகள் பொருந்தும் என்றாலும், யாருக்கு அவை சேர வேண்டும் என்று முன்கூட்டியே ஊரில் விசாரிக்கும் படி விடுபட்டுப் போகிறது. பட்டா உள்ளவர் அலுவலகத்தில் போய் நிற்க முடியும். கூலிக்காரர் எதைக் காட்டி நிற்பார்?

ஊரை எண்ணிப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் எழுதச் செய்தார். அவற்றுள் ஒன்று அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. நெய்வேலியும் அதே மாவட்டத்தில் இருந்ததுதான். பின்வந்த ஆய்வாளர்கள் 2008 வரை அவ்வூருக்குத் திரும்பத் திரும்பச் சென்றார்கள். நிலமில்லாதவர் வாழ்க்கை எப்படி மாறியது என்று இன்று நம்மால் சொல்ல முடிவது அந்தப் பதிவுகளால்தான். நூறாண்டுக்கு முன்பு மாணவர்களால் முடிந்தது இன்றைய அரசுக்கு முடியாததல்ல.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை உள்ளிட்ட கடலூர் மாவட்ட வட்டாரங்கள் இடம்பெற்றுள்ளன. நம் குடும்பங்கள் பல வாழும் பகுதிகள் இவை. சட்டம் இருக்கிறது என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது.

குத்தகைக்குப் பயிரிடுவோர் 1969-ஆம் ஆண்டுக் குத்தகைப் பதிவுச் சட்டப்படி தங்கள் உரிமையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விவசாயக் கூலிகள் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையைக் கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கேட்டுப் பெறலாம். கிராம சபையில் நிலம் பற்றிய பேச்சு வந்தால், "கூலி வேலை செய்வோர் எத்தனை குடும்பம்?" என்று கேட்டு அதைத் தீர்மானத்தில் எழுத வைக்க வேண்டும். நிலம் உள்ள நாம் அந்தக் கேள்வியைக் கேட்டால், இல்லாதவருக்கு அது பெரிய துணை.