தாராவியின் வரலாறு எங்கே இருக்கிறது?

ஒரு மாநில அரசு தன் வட்டாரங்களின் வரலாற்றைப் பேணும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. அலுவலகங்களில் உருவாகும் மூல ஆவணங்களை அழியாமல் காப்பது ஒன்று. அவற்றினின்று பொதுமக்கள் படிக்கத்தக்க நூல்களை ஆக்கி வெளியிடுவது மற்றொன்று. மகாராஷ்டிரம் இவ்விரண்டையும் நெடுங்காலமாகச் செய்து வருகிறது. தமிழர் பெருமளவில் வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மும்பைப் பகுதிகளைக் கொண்டு நோக்கினால், இவ்வேற்பாட்டின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன.

பம்பாயில் அரசு ஆவண அலுவலகம் 1821ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் வழிவந்த மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகம் காலாகோடாவிலுள்ள எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இயங்குகிறது. புனே, கோலாப்பூர், நாகபுரி முதலிய நகரங்களிலும் காப்பகங்கள் உள்ளன. புனேயில் உள்ள பேஷ்வாக்களின் தஃப்தர் பெரும்பாலும் மோடி எழுத்தில் அமைந்தது. அதிலிருந்து கோவிந்த சகாராம் சர்தேசாய் தெரிந்தெடுத்துப் பதிப்பித்த பகுதிகள் மட்டுமே 45 தொகுதிகளாயின. பொது ஆவணங்களைப் பேணும் பொறுப்பை அலுவலகங்கள்மீது சுமத்தும் மாநிலச் சட்டமும் 2005ஆம் ஆண்டு முதற்கொண்டு உண்டு.

நூலாக்கப் பணியும் இதற்கிணையான சிறப்புடையது. பம்பாய் மாகாணத்துக்குரிய கெஜட்டியர் எனப்படும் விவரச் சுவடிகளை ஜேம்ஸ் கேம்பெல் என்ற அதிகாரி 1874 முதல் தொகுக்கலானார். ஆர். ஜி. பண்டார்கர், பகவன்லால் இந்திராஜி போன்ற இந்திய அறிஞர்களின் உழைப்பும் அத்தொகுதிகளில் கலந்துள்ளது. பம்பாய் நகருக்கென எட்வர்ட்ஸ் உருவாக்கிய மூன்று தொகுதிகள் 1909-10இல் வெளிவந்தன. விடுதலைக்குப் பின் இச்சுவடிகளைப் புதுப்பிக்கத் தனித்துறை ஏற்பட்டது. மராத்தியில் அதன் பெயர் ‘தர்ஷனிகா’ துறை. பெருநகர்ப் பம்பாய் மாவட்டத்துக்கான புதிய தொகுதிகள் 1986-87இல் அச்சேறின. முன்பு நூலகத்தை நாடிச் சென்றவர்கள் மட்டுமே புரட்டக்கூடிய இத்தொகுதிகளை இன்று இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இவ்வளவு பெரிய சேமிப்பில் தாராவிக்குக் கிடைத்த இடம் எத்தகையது? 1909ஆம் ஆண்டுச் சுவடி தாராவியைப் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள், அதாவது மீனவர் குடியிருப்புகளுள், ஒன்றாகக் குறிக்கிறது. அதற்கு முன்பே அங்குத் தோல் பதனிடும் தொழில் வேரூன்றிவிட்டது. அத்தொழிலை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர் வந்து குடியேறினர். பெரிய பள்ளிவாசல் 1887ஐயும், பிள்ளையார் கோயில் 1913ஐயும் சார்ந்தவை. ஊர் பெருத்தது, ஆனால் ஏடு அந்த அளவுக்குப் பெருக்கவில்லை.

மாட்டுங்காவின் நிலை வேறு. 1896இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக 1898இல் அமைக்கப்பெற்ற நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா நிலங்களை மனைகளாகத் திட்டமிட்டுப் பிரித்தது. ஆதலின் ஒவ்வொரு மனைக்கும் வரைபடம் உண்டு; குத்தகைப் பத்திரம் உண்டு. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் தொடங்கி 1963இல் அரங்கம் திறந்த சண்முகானந்த சபை ஆகியவை தத்தம் வரலாற்றைத் தாமே எழுதிக்கொள்ளும் வசதி படைத்தவை. ஒரே மொழி பேசுவோர், அடுத்தடுத்த இரு குடியிருப்புகள். ஒன்றுக்குக் கோப்பு உண்டு, மற்றொன்றுக்குக் குறிப்பு மட்டுமே. நில உரிமையும் வரியும் உள்ள இடத்தில்தான் அரசின் எழுதுகோல் தங்கி நிற்கிறது. இது எவருடைய சூழ்ச்சியுமன்று, ஆவணம் பிறக்கும் முறையே அத்தகையது.

உரிமைப் பத்திரமில்லாதோரை அரசு விரிவாகக் கணக்கெடுத்தது 1976இல்தான். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் அரசு, மாநகராட்சி நிலங்களில் குடிசையமைத்திருந்தோருக்குப் புகைப்பட அட்டைகள் வழங்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் செம்பூரை அடுத்திருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் டிராம்பேயின் சீத்தா முகாமுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். பின்னாளில் மகசேசே விருதும் பத்மஸ்ரீ விருதும் பெற்ற ஜோக்கின் அற்புதம் அந்தக் காலனியிலிருந்து எழுந்த தலைவரே. ஓர் ஊர் மறைந்ததைச் சொல்லும் அரசுக் கோப்பு இருக்கும். அவ்வூர் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அக்கோப்பு சொல்லாது.

மற்றொரு சிக்கலும் உண்டு. புலம்பெயர்ந்தோரின் வரலாறு இரு மாநிலங்களுக்கிடையே பிளவுபட்டுக் கிடக்கிறது. புறப்பட்ட ஊரின் நிலைமையை அறிய விரும்புவோர் பேட் எழுதிய 1917ஆம் ஆண்டுத் திருநெல்வேலிச் சுவடியையும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாடவேண்டும். வந்து சேர்ந்த கதைக்குக் காலாகோடா செல்லவேண்டும். மாவட்ட எல்லையோடு நின்றுவிடுவது விவரச் சுவடியின் இயல்பு.

எஞ்சிய பகுதி வீடுகளில் இருக்கிறது. பழைய குடும்ப அட்டை, வாடகை ரசீது, புகைப்பட அட்டை, பள்ளிச் சான்றிதழ், ஊர்க்காரர் சங்கத்தின் கணக்கேடு ஆகியவை தாராவியின் தகரப் பெட்டிகளில் பத்திரமாக உள்ளன. அங்கு அவை பத்திரமாயிருப்பதற்குக் காரணம் வரலாற்று ஆர்வமன்று. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்று மெய்ப்பிப்போருக்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். எனவே ஒரு பழுத்த ரசீது ஒரு குடும்பத்தின் வீடாகிறது. வீடு ஒதுக்கப்பட்ட மறுநாள் அதே ரசீது குப்பைக் காகிதமாகிவிடக்கூடும்.

2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் வீடுகளுக்கு எண் இடப்பட்டு, அளவெடுக்கப்பட்டு, குடும்பங்களின் சான்றுகள் படியெடுக்கப்பட்டன. மகாராஷ்டிர அரசு எந்த அறிஞர் குழுவைக்கொண்டும் திரட்டியிராத வரலாற்றுத் தொகுப்பு இது. தனியார் குழுமமும் மாநில அரசும் பங்குதாரராக உள்ள நிறுவனம் திட்டத்தை நிறைவேற்றுவதால், இத்தொகுப்பு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது ஆவணமே என்பதை அரசு ஐயமின்றி அறிவிப்பது நலம். ஒதுக்கீட்டு வழக்குகள் முடிந்தபின் அது ஆவணக் காப்பகத்தைச் சேரவேண்டும். தனிமனிதர் விவரங்கள் அடங்கியிருப்பதால் உடனே திறக்க இயலாது. மைய அரசின் ஆவணங்களுக்கு வழக்கிலுள்ளதுபோல் 30 ஆண்டுகள் மூடிவைத்தாலும் குறைவில்லை. கட்டடங்களை இடிப்பதற்கு முன் தெருக்களையும் பட்டறைகளையும் புகைப்படமெடுத்து, முதியோரின் நினைவுகளைத் தமிழிலேயே ஒலிப்பதிவு செய்வது தர்ஷனிகா துறைக்கு இயலாத செயலன்று.

பகிர்வதில் மொழியும் ஒரு தடையாகும். மூலச் சுவடிகள் ஆங்கிலத்தில் உள்ளன. மும்பை மாநகராட்சியோ தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பற்றிச் சுவடிகளில் காணும் பக்கங்களைத் திரட்டித் தமிழாக்கினால் ஒரு சிறு நூலாகும். அதை அச்சிட்டு அப்பள்ளிகளின் நூலகங்களுக்கு அனுப்ப ஆகும் செலவு, மாநில வரவு செலவுத் திட்டத்தில் தனி இனமாகக் காட்டப்படும் அளவுக்குக்கூட இராது.