இடப்பக்கப் பெட்டி ஏன் பாடவில்லை?

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். நாதஸ்வரம் எந்தப் பக்கம், தவில் எந்தப் பக்கம் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். இடப்பக்கம் ஊதும் நாதஸ்வரம் முதலில் இடக்காதுக்குத்தான் கேட்கும். வலக்காதுக்கு அது கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மெலிதாகப் போய்ச் சேரும். நொடியை ஆயிரம் பங்காக்கினால், அந்தத் தாமதம் ஒரு பங்குகூட வராது. அதையும் மூளை கண்டுபிடித்துவிடுகிறது!

இந்தத் திறமையை நம்பிப் பிறந்ததுதான் ஸ்டீரியோ. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தமிழில், 1978-இல் வெளிவந்த ‘ப்ரியா’ படப் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். பாடகர் நடுவில், வாத்தியங்கள் இரு பக்கமும் என்று கேட்க வேண்டுமானால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் பாட வேண்டும் அல்லவா?

சரி, ராஜபாளையத்தில் உங்கள் வீட்டுப் பாட்டு செட்டில் இடப்பக்கப் பெட்டி மட்டும் ஊமையாகிவிட்டது என்று வையுங்கள். இரு பக்கச் சத்தத்தையும் சமன் செய்யும் பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நேரம் அதுவே காரணமாக இருக்கும்! அது சரியாக இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு, செட்டை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடப்பெட்டி ஒயரை வலப்பக்க முனையிலும், வலப்பெட்டி ஒயரை இடப்பக்க முனையிலும் மாற்றிச் செருகி, பிளக்கை மீண்டும் மாட்டிப் பாட்டுப் போடுங்கள். இடப்பெட்டி இன்னமும் ஊமையா? கோளாறு அந்தப் பெட்டியிலோ அதன் ஒயரிலோதான். இப்போது இடப்பெட்டி பாடி, வலப்பெட்டி ஊமையாகிவிட்டதா? அப்படியானால் பெட்டிகள் மேல் குற்றமில்லை. கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இருக்கும், அல்லது அதற்கும் முன்னால். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஒயர்களைப் பழையபடி செருகிவிட்டு, பாட்டு உள்ளே வரும் சிவப்பு, வெள்ளை பின்களை இதேபோல் மாற்றுங்கள். ஊமை பக்கம் மாறினால் பாட்டு வரும் கருவியையோ அதன் ஒயரையோ பாருங்கள், மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயர்தான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

இரண்டும் பாடுகின்றன, ஆனால் தவிலின் ‘தொம்’ மட்டும் சோகையாகக் கேட்கிறதா? ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கும். அப்போது ஒரு ஸ்பீக்கரின் கூம்பு காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தணிந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒயர் மாறியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொடுங்கள். பிளஸ் சிவப்பிலும் மைனஸ் கறுப்பிலும் பட்டால், பெரிய கூம்பு ‘டப்’பென்று வெளியே வர வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது.

‘ம்ம்ம்’ என்று விடாமல் இரைச்சலா? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அலை பாட்டு ஒயருக்குள் புகுந்திருக்கலாம். பாட்டு ஒயரை மின் ஒயரை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

குமிழைத் திருகினால் ‘கரகர’ என்கிறதா? உள்ளே தூசு. ராஜபாளையம் பஞ்சும் நூலும் புழங்கும் ஊர். ஐப்பசி மழை ஈரமும் சேர்ந்தால் தூசு நன்றாக ஒட்டிக்கொள்ளும். செட்டை அணைத்துவிட்டு, குமிழை இரு பக்கமும் முழுதாகப் பலமுறை திருப்புங்கள். பெரும்பாலும் குறைந்துவிடும். பெட்டியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கலாம், காகிதக் கூம்பை மட்டும் தொடாதீர்கள்.

ஆம்ப்ளிஃபயரின் மூடியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை ரிப்பேர் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். போகும்போது, எதை மாற்றியபோது எந்தப் பக்கம் ஊமையானது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக் அண்ணனுக்குப் பாதி வேலை மிச்சம்.