எண்பது பிளக்இன், ஒரே ஒரு பாட்டு: காதை எவ்வளவு நம்பலாம்?

பள்ளி விடுமுறை. படிவம் நான்கு மாணவர் ஒருவர், தாமே எழுதி மெட்டமைத்த பாட்டைப் பதிவு செய்ய உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினி இருக்கிறது. அண்ணனிடம் இரவல் வாங்கிய மைக் இருக்கிறது. இசை தயாரிக்கும் மென்பொருளும் இலவசமாகக் கிடைத்துவிட்டது. ஒரு முறை பாடிப் பதிவு செய்து கேட்கிறார். குரலில் உயிரே இல்லை. 'நல்ல பிளக்இன் இல்லாததுதான் காரணம்' என்று தேடத் தொடங்குகிறார். மாலைக்குள் கணினியில் எண்பது பிளக்இன்கள் சேர்ந்துவிடுகின்றன. குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய மட்டுமே பதினைந்து. பாட்டோ முதல் சரணத்திலேயே நிற்கிறது. சேமித்து வைத்த 200 ரிங்கிட்டைப் போட்டுத் தள்ளுபடியில் வரும் பதினாறாவதையும் வாங்கிவிடலாமா என்ற யோசனை வேறு.

அந்தப் பதினைந்தும் உண்மையிலேயே வேறு வேறா? இது ரசனை பற்றிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் பாதிக்கு மேல் இது அறிவியல் கேள்வி. விடையை வீட்டிலேயே சோதித்துக் கண்டுபிடிக்கலாம்.

எண்கள் உள்ளே, எண்கள் வெளியே

மைக் வழியாகக் கணினிக்குள் போகும் குரல் எண்களின் வரிசையாக மாறுகிறது. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 எண்கள். பிளக்இன், அதாவது செருகுநிரல், இந்த எண்களை வாங்கி, கணக்குப் போட்டு, வேறு எண்களைத் திருப்பிக் கொடுக்கும் சிறு நிரல். பாடலாசிரியருக்கு அது மாயப்பெட்டி போலத் தெரியலாம். கணினிக்கு அது வெறும் பெருக்கலும் கூட்டலும்தான்.

ஏ.ஆர். ரஹ்மானின் 'ரோஜா' பாடல்கள் 1992இல் வெளிவந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1996இல், ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தனது கியூபேஸ் மென்பொருளுடன் விஎஸ்டி என்ற இணைப்பு முறையை அறிமுகப்படுத்தியது. அந்த முறையைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று அது திறந்துவிட்டதுதான் பெரிய திருப்பம். நிரல் எழுதத் தெரிந்த எவரும் பிளக்இன் செய்யலாம் என்றானது. இன்றைய நெரிசலுக்கு விதை அங்கே விழுந்தது.

ஈக்வலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியின் கீழ், நடு, மேல் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி இது. இதன் ஒரு பட்டைக்குத் தேவையான கணக்கு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. இப்போது வந்த எண், அதற்கு முன் வந்த இரண்டு எண்கள், தான் சற்று முன் வெளியே அனுப்பிய இரண்டு எண்கள் ஆகிய ஐந்தையும் ஐந்து குறிப்பிட்ட எண்களால் பெருக்கிக் கூட்டினால் போதும். விநாடிக்கு 220,500 பெருக்கல்கள். இன்றைய கைத்தொலைபேசிக்குக்கூட இது ஒரு வேலையே இல்லை. இந்தக் கணக்கு ரகசியமும் அல்ல; பல ஆண்டுகளாக எல்லாரும் படிக்கும்படி வெளியில் இருக்கிறது. ஆகவே தங்க நிற முகப்பு கொண்ட ஈக்வலைசரும், மென்பொருளோடு இலவசமாக வரும் சாம்பல் நிற ஈக்வலைசரும் ஒரே வளைவை வரைந்தால், பெரும்பாலும் ஒரே ஒலியைத்தான் கொடுக்கும்.

எல்லா வகைக்கும் இது பொருந்தாது. குரல் உரக்கும்போது தானே அடக்கி வைக்கும் கம்ப்ரஸரில் நிலைமை வேறு. 1960களில் வந்த எல்ஏ-2ஏ என்ற அமெரிக்கக் கருவியை இன்றும் பல பிளக்இன்கள் பின்பற்றுகின்றன. அதற்குள் ஒரு சிறிய ஒளித்தகடும், அதன் எதிரே ஒளிபட்டால் மின்தடை மாறும் பொருளும் இருந்தன. குரல் உரத்தால் தகடு பிரகாசிக்கும், தடை மாறும், ஒலி அடங்கும். குரல் தணிந்ததும் அந்தப் பொருள் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது, மெதுவாகத்தான் திரும்பும். அந்தச் சோம்பல்தான் பாடகர்களுக்குப் பிடித்துப்போனது. 1967இல் வந்த 1176 என்ற கருவி இதற்கு நேர் எதிர். அது டிரான்சிஸ்டரால் இயங்கியது. ஒலி உரத்தவுடன் ஒரு விநாடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே அடக்கத் தொடங்கும். ஒன்று பொறுமைசாலி, மற்றொன்று முன்கோபி. அவற்றைப் பின்பற்றும் பிளக்இன்களிலும் இந்தக் குணவேறுபாடு கேட்கும்.

ஆனால் கவனியுங்கள்: நம் மாணவர் சேர்த்து வைத்த பதினைந்தில் ஏழோ எட்டோ இதே 1176இன் நகல்களாக இருக்கலாம். ஒரே முன்கோபிக்கு எட்டுச் சட்டைகள்!

எதிரொலி சேர்க்கும் ரிவெர்பிலும் சின்தசைசரிலும் வேறுபாடு இன்னும் அதிகம். ஒரு கூடத்தின் எதிரொலியைக் கணக்கால் உருவாக்கப் பல வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியும் வேறு மாதிரி ஒலிக்கும்.

காது செய்யும் குறும்பு

புது பிளக்இன்னைப் போட்டவுடன் 'அடடா!' என்று தோன்றுகிறதே, அதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. ஒலி கொஞ்சம் உரத்துவிட்டது.

1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்ற இருவர் காதின் உணர்திறனை அளந்து வெளியிட்டனர். நம் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. மெல்லிய ஒலியில், தாழ்ந்த அதிர்வெண்கள் மிகவும் மங்கிக் கேட்கின்றன. மிக உயர்ந்தவையும் சற்று மங்குகின்றன. ஒலியை உயர்த்த உயர்த்த அவை மீண்டும் எழுந்து வருகின்றன. இரவில் வீட்டார் தூங்கும்போது பாட்டின் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். முதலில் காணாமல் போவது பேஸ்தான். இதையே திருப்பிப் பார்த்தால், ஒரே பாட்டைச் சற்று உரக்க வைத்தாலே அது கனமாகவும் பளிச்சென்றும் கேட்கும்.

உயர்வு 1 டெசிபல் அளவுக்குச் சிறியதாக இருந்தால், 'சத்தம் கூடிவிட்டது' என்று மனம் சொல்வதில்லை. 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பெரும்பாலும் சொல்கிறது. பிளக்இன்களோடு வரும் தயார் அமைப்புகள் பலவும் ஒலியை இப்படிக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருக்கும். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணும் சும்மா இருப்பதில்லை. பழைய கருவி போல வரைந்த குமிழ்கள், ஆடும் முள், மேலே ஒரு விலை. இவையெல்லாம் காதுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

தங்கையும் ஒரு நாணயமும்

சோதனை எளிது. பிளக்இன் 'அ', பிளக்இன் 'ஆ' இரண்டையும் ஒரே குரல் பதிவின்மீது போட்டுத் தனித்தனிக் கோப்புகளாக எடுங்கள். மென்பொருளில் இருக்கும் ஒலி அளவுமானியைப் பார்த்து இரண்டின் சராசரி உரப்பையும் சமமாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு திரையைத் தங்கை பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் இரண்டையும் பெயர் சொல்லி ஒவ்வொரு முறை போட்டுக் காட்டட்டும். அதன்பின் அவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் 'அ'வையும் பூ விழுந்தால் 'ஆ'வையும் ஒலிக்கவிட வேண்டும். எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். பத்து முறை. அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். தங்கைகளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.

பத்துக்கு ஆறு சரி என்றால் மகிழ்ந்துவிட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் அது எளிதாக வரும். பத்து முறை ஊகிக்க 1,024 வழிகள் உண்டு. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ சரியாக அமைவது 56 வழிகளில் மட்டுமே, அதாவது சுமார் 5.5 விழுக்காடு. ஒன்பது அல்லது பத்து சரி என்றால் வெறும் 11 வழிகள், சுமார் 1 விழுக்காடு. ஒன்பது சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்கு வேறுபாடு தெரிகிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அதில் எது பிடித்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

காதையே ஒதுக்கி வைக்கும் சோதனையும் உண்டு. இலவச மென்பொருளான ஒடாசிட்டியில் இரண்டு கோப்புகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நொடியில் தொடங்கும்படி வையுங்கள். ஒன்றை மட்டும் தலைகீழாக்குங்கள். அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அது ஒவ்வோர் எண்ணின் குறியையும் மாற்றிவிடும். +0.3 இருந்த இடத்தில் −0.3. இப்போது இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். கோப்புகள் ஒன்றே என்றால் எல்லா இடத்திலும் கூட்டுத்தொகை பூஜ்யம்: முழு அமைதி. ஏதாவது முணுமுணுப்பு மிஞ்சினால் அதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இரண்டு ஈக்வலைசர்களில் ஒரே வளைவை அமைத்து இதைச் செய்து பார்ப்பது நல்ல அனுபவம். இருபது வருடப் பழக்கம் உள்ளவர்களும் அந்த அமைதியைக் கேட்டு ஒரு கணம் வாயடைத்துப் போவார்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனை அளவுக்கு மீறி நுணுக்கமானது. ஒன்று மற்றதைவிட 0.1 டெசிபல் மட்டுமே உரத்திருந்தாலும், மூல ஒலியின் உயரத்தில் சுமார் 1.2 விழுக்காடு மிஞ்சி நிற்கும். ஒரு கோப்பு ஓரிரு எண்கள் தள்ளித் தொடங்கினாலும் சத்தம் மிஞ்சும். ஆகவே அமைதி கிடைத்தால் 'இரண்டும் ஒன்று' என்று உறுதியாகச் சொல்லலாம். சத்தம் மிஞ்சினால், அது கேட்கக்கூடிய வேறுபாடா என்பதை மறுபடியும் தங்கையிடம்தான் கேட்க வேண்டும்.

இருபத்து நான்கு ஜாம்

தேர்வு அதிகமானால் மனம் குழம்பும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 2000இல் வெளிவந்தது. ஐயங்கார், லெப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் ஜாம் வகைகளைச் சுவைக்க வைத்தனர். 24 வகை வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் 3 விழுக்காட்டினர்தான் வாங்கினர். 6 வகை வைத்தபோது 30 விழுக்காட்டினர் வாங்கினர். கேட்க அழகான கதை. ஆனால் 2010இல் இதுபோன்ற ஐம்பது சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று தெரிந்தது. சில சோதனைகளில் அதிகத் தேர்வு கெடுத்தது, சிலவற்றில் உதவியது. தனக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்கு நீண்ட பட்டியல் அவ்வளவு தொல்லையாக இருப்பதில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு.

நம் மாணவரிடம் இல்லாதது அதுதான் என்பது என் கருத்து. எண்பது பிளக்இன் அவருக்குப் பெரிய குறையல்ல. 'குரலில் உயிரில்லை' என்பது இன்னும் தெளிவாகாத குறை. அதற்கு மருந்து தேட முடியாது. கூர்ந்து கேட்டால் அது உடைந்து வரும். சில சொற்கள் உரத்தும் சில அமுங்கியும் இருக்கின்றனவா? கம்ப்ரஸர் ஒன்று போதும்; மென்பொருளோடு வந்ததே போதும். அடியில் 'உம்ம்' என்று ஏதோ உறுமுகிறதா? ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணே பொதுவாகச் சுமார் 85 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. இழப்பு ஒன்றும் இல்லை. அதே வெட்டை மிருதங்கத்துக்கும் போட்டுவிடாதீர்கள், தொப்பியின் கனம் குறைந்துவிடலாம். குரல் குளியலறையில் பாடியது போல இருக்கிறதா? அதற்கு எந்த பிளக்இன்னும் முழு மருந்தல்ல. மைக்கை வாய்க்கு ஒரு சாண் அருகில் கொண்டுவந்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் நின்று பாட வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பிளக்இன்னை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அழிக்காமல் வேறு கோப்புறைக்கு நகர்த்தி, ஒரு பாட்டை முடிக்கும்வரை திறக்காமல் இருக்கலாம். 200 ரிங்கிட்டைச் செலவழித்தே ஆகவேண்டும் என்றால், ஈக்வலைசருக்கு அல்ல, வித்தியாசமாக ஒலிக்கும் ஒரு சின்தசைசருக்கோ ரிவெர்புக்கோ கொடுக்கலாம். அதையும் இலவச முன்னோட்டப் பதிப்பில், உரப்பைச் சமமாக்கி, திரையைத் திருப்பி வைத்துக் கேட்ட பிறகு.

அதற்கும் முன்பு ஒரு வேலை. பாடாமல், பேசாமல், பத்து விநாடி வெறும் அறையை மட்டும் பதிவு செய்து, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். நம் ஊர் வீடுகளில் அந்த 'உம்ம்' பெரும்பாலும் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியாகத்தான் இருக்கும். சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில்.