லம்போர்கினியா? போர்ஷேயா? – 2.33 வினாடி யுத்தம்!



டிரம்ப் கார்டு விளையாடாத பசங்க நம்ம ஸ்கூல்ல யாரும் இருக்க மாட்டாங்க. கையில லம்போர்கினி சீட்டு வந்துட்டா போதும், "டாப் ஸ்பீடு!" என்று கத்தி எதிராளியின் சீட்டைப் பிடுங்கிக்கொள்வோம். ஆனால் பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த இரண்டு கார்களை, சீட்டில் அச்சடித்த எண்ணை மட்டும் பார்த்து எது ஒசத்தி என்று சொல்ல முடியுமா? முடியாது என்பது என் கட்சி.

நான் எடுத்துக்கொண்டவை, 2017-ல் வந்த ஜெர்மனியின் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ், 2018-ல் வந்த இத்தாலியின் லம்போர்கினி அவென்டடோர் எஸ்விஜே. இரண்டுமே நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டக்கூடியவைதான். எஸ்விஜே கூப்பே மொத்தமே 900 என்று கம்பெனி அறிவித்தது. அது போக, கம்பெனி தொடங்கிய 1963-ஆம் ஆண்டின் நினைவாக 63 ஸ்பெஷல் கார்கள். போர்ஷே இத்தனைதான் என்று எண்ணிக்கை சொல்லவில்லை. கொஞ்ச காலம் மட்டும் தயாரித்துவிட்டு 2019 தொடக்கத்தில் நிறுத்திக்கொண்டது.

இந்த இரண்டும் மோதிக்கொண்ட இடம் ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங். 1927-ல் திறந்த தளம். மலையும் காடுமாக ஒரு சுற்றே 20 கிலோமீட்டருக்கு மேல்! ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். 1976-ல் நிக்கி லாடா தீயில் சிக்கியது இங்கேதான். அதற்குப் பிறகு ஃபார்முலா 1 பந்தயம் அந்த நீளமான தளத்துக்குத் திரும்பவே இல்லை. ஜாக்கி ஸ்டீவர்ட் வைத்த பெயர் 'பச்சை நரகம்'.

2017 செப்டம்பரில் லார்ஸ் கெர்ன் ஜிடி2 ஆர்எஸ்ஸை 6 நிமிடம் 47.3 வினாடியில் ஒரு சுற்று ஓட்டினார். 2018 ஜூலையில் மார்கோ மாப்பெல்லி எஸ்விஜேயை 6 நிமிடம் 44.97 வினாடியில் ஓட்டி முடித்தார். லம்போர்கினி ஜெயித்தது! வித்தியாசம் 2.33 வினாடி.

இதை நான் ரஃப் நோட்டில் போட்டுப் பார்த்தேன். அப்போது அளந்த தூரம் 20.6 கிலோமீட்டர். எஸ்விஜேயின் சராசரி வேகம் மணிக்கு 183 கிலோமீட்டர். போர்ஷேயின் சராசரி 182. அதாவது இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டிருந்தால், எஸ்விஜே கோட்டைத் தொடும்போது போர்ஷே சுமார் 118 மீட்டர் பின்னால் வந்துகொண்டிருக்கும். 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வித்தியாசம் அவ்வளவுதான்! (2019-லிருந்து முழுச் சுற்றான 20.832 கிலோமீட்டரை அளக்கிறார்கள். அதனால் புது ரெக்கார்டுகளை இதோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.)

இப்போ சீட்டில் இருக்கும் எண்களுக்கு வருவோம். எஸ்விஜே 6.5 லிட்டர், 12 சிலிண்டர், 770 குதிரைத்திறன். போர்ஷே 3.8 லிட்டர், 6 சிலிண்டர், இரண்டு டர்போ, 700 குதிரைத்திறன். டாப் ஸ்பீடு எஸ்விஜேக்கு 350-க்கு மேல், போர்ஷேக்கு 340. ஆனால் 0-விலிருந்து 100-ஐத் தொட இரண்டுக்குமே 2.8 வினாடி! எடையில்தான் ஒரு சூட்சுமம் இருக்கு. எஸ்விஜேக்குச் சொல்லும் 1525 கிலோ 'டிரை வெயிட்'. அதாவது பெட்ரோல், ஆயில், தண்ணீர் எதுவும் ஊற்றாமல். போர்ஷே சொல்லும் 1470 கிலோ டேங்க் நிறைய பெட்ரோலோடு. ஒரு லிட்டர் பெட்ரோலே சுமார் முக்கால் கிலோ வரும். ஆக 55 கிலோ வித்தியாசம் என்று நினைத்தால் ஏமாந்தோம், நிஜத்தில் இன்னும் அதிகம். குண்டா இருக்கிறவன் சாப்பிடாம வந்து எடை மிஷின்ல ஏறின கதைதான்!

அவ்வளவு எடையை வைத்துக்கொண்டு லம்போர்கினி எப்படி ஜெயித்தது? காற்றை வைத்து. வளைவில் வேகமாகத் திரும்ப வேண்டுமானால் டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குக் காற்று காரைக் கீழே அமுக்க வேண்டும். பெரிய றெக்கை வைத்தால் அமுக்கும். ஆனால் நேர் ரோட்டில் அதே றெக்கை காற்றுக்குக் குறுக்கே நின்று வேகத்தைக் குறைக்கும். எஸ்விஜேயில் சின்னச் சின்ன மூடிகள் இருக்கின்றன. நேர் ரோட்டில் அவை திறந்ததும், பின்பக்க றெக்கைக்குள்ளேயே காற்று புகுந்து அடிப்பக்கத் துளைகள் வழியாக வெளியே வரும். உடனே றெக்கை அமுக்குவதை நிறுத்திவிடும், தடையும் குறையும். வளைவு வந்தால் மூடிக்கொள்ளும், மறுபடி அமுக்கும். இதில் இன்னொரு கில்லாடித்தனம்: இடது, வலது பக்கத்தைத் தனித்தனியாகத் திறக்கலாம். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடும் அல்லவா, அந்தப் பக்கத்தை மட்டும் அதிகமாக அமுக்கும். இதைப் படிச்சப்போ நான் அசந்துட்டேன். அரை வினாடிக்குள் மூடி திறந்துவிடுமாம்!

போர்ஷேயில் இந்த வித்தையெல்லாம் கிடையாது. றெக்கை அசையாமல் நிற்கும். எஞ்சின் பின் சக்கரத்துக்கும் பின்னால். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். பின் சக்கரம் தரையை நல்லாப் பிடிக்கும், ஆனால் ஹேண்டில் லேசாகிவிடும். வழுக்கினால் மூட்டைதான் முதலில் சுழற்றும். எஸ்விஜே நாலு சக்கரத்துக்கும் சக்தி அனுப்புகிறது. போர்ஷே 700 குதிரைகளையும் பின் சக்கரம் இரண்டிலேயே கட்டி இழுக்கிறது. அப்படி இருந்தும் 118 மீட்டர்தான் பின்தங்கியது!

கியரிலும் போர்ஷே கெட்டிக்காரன். அதில் இரண்டு கிளட்ச். ஒரு கியரில் ஓடும்போதே அடுத்த கியர் தயாராக இருக்கும். எஸ்விஜேயில் ஒரே கிளட்ச், கியர் மாற 50 மில்லிசெகண்ட். அது குறைவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு குலுங்கல். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும் என்பது இயற்பியலில் படித்ததுதான். சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் சக்தியும் குறையும். அதற்குப் போர்ஷே காற்றைக் குளிர்விக்கும் பகுதியின் மேல் தண்ணீர் தெளிக்கிறது. வெயில்ல வாசலுக்குத் தண்ணி தெளிக்கிற அதே டெக்னிக்!

சரி, காசு? அமெரிக்க விலையில் போர்ஷே 2,93,200 டாலர், எஸ்விஜே 5,17,770 டாலர். வித்தியாசம் 2,24,570 டாலர். அதை 2.33-ஆல் வகுத்தால், ஒரு வினாடிக்கு சுமார் 96,000 டாலர்! எஸ்விஜேயின் பன்னிரண்டு சிலிண்டர் சத்தத்துக்கு விலையே கிடையாது என்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் டிராக்கில் ஓட்டத்தான் என்றால் என் ஓட்டு போர்ஷேக்கே.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. எஸ்விஜேயின் ரெக்கார்டு மூணு மாசம்தான் நின்றது. 2018 அக்டோபரில் மான்தே என்ற ரேஸிங் டீம் மாற்றியமைத்த ஜிடி2 ஆர்எஸ்ஸில் அதே கெர்ன் 6 நிமிடம் 40.33 வினாடியில் ஓட்டினார். கம்பெனியிலிருந்து வந்த கார் அப்படியே ஓடவில்லை, சஸ்பென்ஷனும் உடம்பும் மாற்றியது. அதனால் என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. போர்ஷே கட்சிக்காரனா இருந்தாலும் நியாயம் நியாயம்தானே!

இந்தியாவில் 2018-ல் ஜிடி2 ஆர்எஸ் அறிமுகமானபோது விலை 3 கோடியே 88 லட்சம் ரூபாய். இறக்குமதி வரி அப்படி! அமெரிக்காவில் வாங்குபவர் கொடுத்ததைவிட மிக அதிகம்.

தயாரிப்பை நிறுத்திய பிறகுதான் பெரிய கூத்து. 2019 மார்ச்சில் 'கிராண்டே அமெரிக்கா' என்ற கப்பல் பிரான்ஸ் கடலோரத்துக்கு அப்பால் தீப்பிடித்து மூழ்கியது. அதில் பிரேசிலுக்குப் போன போர்ஷேக்களில் நாலு ஜிடி2 ஆர்எஸ். பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அந்த நாலு பேருக்காக, மூடிய தயாரிப்பை மறுபடி திறந்து செய்து தருவதாகக் கம்பெனி கடிதம் எழுதியது.