காணாமல் போன கணவனும், வீடு தேடி வந்த அந்நியனும்

1560-ஆம் ஆண்டு. தென் பிரான்சின் துலூஸ் நகர உயர் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரமான வழக்கு. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெண்ணுடன் குடும்பம் நடத்தியவன் அவளுடைய கணவன்தானா, இல்லையா?

அர்த்திகா என்ற கிராமத்து மார்ட்டின் கேர், தந்தையின் தானியத்தைத் திருடியதாகப் பழி வந்ததால் 1548-இல் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போனான். எந்தத் தகவலும் இல்லை. 1556-இல் ஒருவன் வந்து, 'நான்தான் மார்ட்டின்' என்றான். பழைய கதைகளையெல்லாம் பிசகாமல் சொன்னான். மனைவி பெர்த்ராந்தும் மார்ட்டினின் சகோதரிகளும் நம்பினார்கள். பிறகு அவன் சொத்துக் கணக்கைக் கேட்க, சிறிய தந்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. (சொத்து என்றால்தான் சிலருக்குக் கண் திறக்கும்!)

கீழ் நீதிமன்றத்தில் சுமார் 150 சாட்சிகள். அவன்தான் என்றனர் சிலர், அவனில்லை என்றனர் சிலர். பலர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. செருப்புத் தைப்பவர் மட்டும் கணக்கோடு பேசினார்: மார்ட்டினின் கால் அளவு 12, இவனுக்கு 9. மரண தண்டனை விதிக்கப்பட்டு, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. நீதிபதி கொராஸ் அவனை நம்பும் நிலைக்கு வந்திருந்தபோது, மரக்காலுடன் உண்மையான மார்ட்டின் வந்து நின்றான். ஆர்னோ து தில் என்ற அந்த மோசடிக்காரன் செப்டம்பர் 16 அன்று மார்ட்டினின் வீட்டு முன்பாகவே தூக்கிலிடப்பட்டான். ஏமாற்றப்பட்டவள் என்பதால் பெர்த்ராந்துக்குத் தண்டனை இல்லை. அவனுக்குப் பிறந்த மகளும் முறையான வாரிசாகவே ஏற்கப்பட்டாள். நமது ஃபிக்ஹிலும், கணவன் என்று நம்பிய பெண் மீது குற்றமில்லை.

ஆனால் அந்தப் பெண் ஏன் எட்டு ஆண்டுகள் காத்திருந்தாள்? கணவன் இறந்ததற்கு ஆதாரமின்றி மறுமணத்துக்குத் திருச்சபை அனுமதிக்கவில்லை. மோசடிக்கு வாசல் திறந்தது அங்கேதான் என்பது நம் கருத்து.

காணாமல் போனவரை ஃபிக்ஹில் 'மஃப்கூத்' என்கிறோம். ஹனஃபி மத்ஹபிலும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிற்காலக் கருத்திலும் காத்திருப்பு மிக நீளும். உமர் (ரலி) அவர்களோ நான்கு ஆண்டுகள், அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா எனத் தீர்ப்பளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) இதை முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) போன்ற ஹனஃபி அறிஞர்களே பெண்களின் துயரம் கண்டு மாலிகி கருத்தை எடுத்தார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும் அந்த நான்கு ஆண்டுகள் இடம்பெற்றன.

வெளிநாடு போன கணவரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் தகவலின்றித் தவிக்கும் நம் சகோதரிகளில் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது. தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே அமலுக்கு வரும். அதற்குள் கணவர் வந்து, கடமைகளை நிறைவேற்றத் தயார் என நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் அது ரத்தாகிவிடும். வழக்கில் கணவரின் வாரிசுகளுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கணவரின் சகோதரரும், அவருடைய தந்தையின் சகோதரரும் இருந்தால், வாரிசாக இல்லாவிட்டாலும் அவர்களையும் சேர்க்க வேண்டும்.